யாரிடம் கேட்கிறோம்?

(உலகச் சிறுநீரக நாளையொட்டி ஈரோட்டில் ஒரு நூலக வாசகர் வட்டத்தில், ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆரம்பிக்குமுன் இந்த மேசை மேல் இருக்கிற தண்ணீர் பாட்டிலைக் கொஞ்சம் பாருங்கள். ஒரு லிட்டர். பேசுகிறவளுக்குத் தொண்டை காயுமே என்று வைத்திருக்கிறீர்கள். நான் முப்பத்தோரு வருடம் செவிலியராக வேலை பார்த்தவள். அதில் பத்தொன்பது வருடம் டயாலிசிஸ் வார்டு. அந்தப் பழக்கத்தில் பாட்டிலைக் கண்டதும் மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. சிறுநீர் அடியோடு நின்றுபோன ஒருவருக்கு இதில் பாதிதான் ஒரு நாளைக்கு. காலைக் காபி, சோற்றில் ஊற்றுகிற ரசம், மோர், மாத்திரை விழுங்குகிற மடக்கு எல்லாம் அந்தப் பாதிக்குள் அடக்கம். சித்திரை வெயிலுக்கும் அதே அளவுதான்.

எங்கள் வார்டுக்குத் தறிப்பட்டறைக்காரர் ஒருவர் வந்துகொண்டிருந்தார். அவர் மனைவி காலையில் எழுந்ததும் அன்றைய தண்ணீரை அளந்து, ஒரு பங்கைப் பிரிட்ஜில் ஐஸ் தட்டில் ஊற்றி வைத்துவிடுவார். தாகம் எடுத்தால் ஒரு கட்டி. “நான் தண்ணி குடிக்கறதில்லீங்க சிஸ்டர், சப்பறேன்” என்பார் அந்த மனிதர். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். பக்கத்துப் படுக்கைக்காரர் ஒரு தடவை கல்யாண வீட்டில் இரண்டு டம்ளர் பாயசமும் ஒரு இளநீரும் குடித்துவிட்டு வந்து, ராத்திரி மூச்சு வாங்கி, விடியுமுன் ஆம்புலன்ஸில் வந்து சேர்ந்தார். நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது ஒரு பக்கம். இளநீரின் பொட்டாசியம் இதயத் துடிப்பையே தாறுமாறாக்கியது இன்னொரு பக்கம். நமக்கு உடம்புச் சூட்டைத் தணிக்கிற இளநீர், சிறுநீரகம் செயலிழந்தவருக்கு விஷத்துக்கு அடுத்தபடி. இதை முதல் நாளே புரியவைப்பது பெரும்பாடு.

சிறுநீரகம் என்ன செய்கிறது என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்பீர்கள். ஒரு கைப்பிடி அளவு, ஏறத்தாழ 150 கிராம். இரண்டும் சேர்ந்து ஒரு நாளைக்கு 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடித்து, அதில் ஏறக்குறைய எல்லாவற்றையும் திரும்ப உள்ளே இழுத்துக்கொண்டு, ஒன்றரை லிட்டரை மட்டும் வெளியே விடுகின்றன. நம் உடம்பில் இருப்பதே ஐந்து லிட்டர் இரத்தம்தான். அப்படியானால் அது எத்தனை தடவை சுற்றிச் சுற்றி வடிகட்டப்படுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். உப்பு, பொட்டாசியம், அமிலம், இரத்த அழுத்தம், இரத்தம் ஊறுவதற்கான உத்தரவு எல்லாம் அங்கிருந்துதான். இத்தனை வேலை செய்கிற உறுப்பு, மெல்லக் கெட்டுக்கொண்டு வரும்போது பெரும்பாலும் வலிக்காது. பெரும்பகுதி பழுதாகிற வரைக்கும் வாயைத் திறக்காது. சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் வருடக்கணக்கில் அரித்துக்கொண்டிருக்கும். தறியில் நின்று கால் வலிக்கிறது என்று மருந்துக்கடையில் சீட்டே இல்லாமல் வாங்கி விழுங்கிய வலி மாத்திரைகள் இன்னொரு பக்கம் வேலையைக் காட்டும். முகம் வீங்கி, வாந்தி வந்து, எங்களிடம் வரும்போது இரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவின் அளவு எட்டோ பத்தோ இருக்கும். சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்க்கிற சோதனைக்குப் பெரிய செலவு கிடையாது. சர்க்கரைக்காரர்கள் வருடத்துக்கு ஒரு தடவை அதைச் செய்துகொண்டாலே என் வார்டில் பல படுக்கைகள் காலியாக இருந்திருக்கும்.

சரி, டயாலிசிஸ். இந்த இயந்திரம் பிறந்த கதை எனக்குப் பிடித்த கதை. 1943-ல், நெதர்லாந்து நாட்டை நாஜிகள் பிடித்து வைத்திருந்த காலத்தில், காம்பென் என்ற சின்ன ஊரில் வில்லெம் கோல்ஃப் என்ற மருத்துவர் செய்தது. இறைச்சிக் கடையில் சாசேஜ் செய்ய உறையாகப் போடுகிற செலோபேன் குழாய், மரச்சட்டத்தில் ஒரு உருளை, உப்பு நீர்த் தொட்டி. குழாய்க்குள் இரத்தம் ஓடும், உருளை சுழலும், கழிவு தொட்டி நீருக்குள் இறங்கும். இரண்டு வருடம், ஏறக்குறைய எல்லா நோயாளிகளும் இறந்துபோனார்கள். மனிதர் விடவில்லை. 1945 செப்டம்பரில்தான் 67 வயதுப் பெண் ஒருவர் கண்ணைத் திறந்தார். இன்றைக்கு நம் ஊர் வார்டில் ஓடுகிற இயந்திரமும் அடிப்படையில் அதே சாசேஜ் உறைதான். ஒருவருக்கு நாலு மணி நேரம் ஓட்ட 120 லிட்டர் சுத்திகரித்த நீர் வேண்டும். அரை லிட்டருக்கு மேல் குடிக்கக் கூடாதவருக்கு 120 லிட்டர்! இந்த முரணை நான் பல ராத்திரி யோசித்திருக்கிறேன்.

வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று நாள். ஒவ்வொரு தடவையும் எடை பார்ப்போம். போன தடவை போனபோது 52 கிலோ, இன்றைக்கு வந்தபோது 55 என்றால் அந்த மூன்று கிலோவும் தண்ணீர். உபரி நீர் இல்லாத எடையை ‘டிரை வெயிட்’ என்போம். அதற்கு இறக்கியாக வேண்டும். முன்கையில் தமனியையும் சிரையையும் ஒட்டித் தைத்து பிஸ்டுலா போட்டிருப்பார்கள். 1966-ல் நியூயார்க் மருத்துவர்கள் வெளியிட்ட முறை. அதன் மேல் விரல் வைத்தால், பூனை மடியில் படுத்து உறுமுமே, அப்படி ஒரு அதிர்வு. அந்தக் கையில் வளையல் கூடாது, வாட்ச் கூடாது, பை தூக்கக் கூடாது, அதன் மேல் ஒருக்களித்துப் படுக்கக் கூடாது. தினமும் காலையில் எழுந்ததும் அதிர்வு இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கச் சொல்வோம். ஒரு கல்லூரி மாணவி, “நான் சாமி கும்பிடறதுக்கு முந்தி இதைத்தான் தொட்டுக் கும்பிடறேன் சிஸ்டர்” என்றாள்.

டயாலிசிஸ் என்றாலே ஆஸ்பத்திரிப் படுக்கைதான் என்று நினைக்க வேண்டாம். வீட்டிலேயே வயிற்று வழியாகச் செய்துகொள்கிற முறை உண்டு. வயிற்றுக்குள் ஒரு மெல்லிய குழாய், இரண்டு லிட்டர் திரவப் பை, ஒரு நாளைக்கு மூன்று நாலு தடவை மாற்ற வேண்டும். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அந்தப் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அந்தியூர்ப் பக்கம் ஒரு வீட்டுக்குப் பார்க்கப் போனேன். பையை மாட்ட ஸ்டாண்டு இல்லை. பேரனுக்குச் சேலைத் தொட்டில் கட்டிய உத்திரக் கொக்கி இருந்தது. அதிலேயே பையைத் தொங்கவிட்டு, கீழே பாய் விரித்து, கையைச் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவி, வாயில் துணி கட்டிக்கொண்டு அந்த அம்மா தானாகவே மாற்றினார். நாங்கள் வார்டில் காட்டாத சுத்தம்.

இதெல்லாம் காலத்தைத் தள்ளுகிற வழி. சிறுநீரகத்துக்கு ஈடு இன்னொரு சிறுநீரகம்தான். அங்கேதான் நான் பேச வந்த விஷயம் ஆரம்பிக்கிறது.

உறுப்பு தானக் கூட்டம் என்றால் மேடையில் கண்ணப்பர் வருவார், சிபிச் சக்கரவர்த்தி வருவார். நான் அவர்களைக் கூப்பிடப் போவதில்லை. கண்ணப்பரிடம் யாரும் கேட்கவில்லை, அவராகக் கொடுத்தார். நம் வீடுகளிலும் கேட்பதில்லை. ஆனால் அது வேறு மாதிரி.

டாக்டர் அறைக்குள் குடும்பமே உட்கார்ந்திருக்கும். ‘மாற்றுச் சிறுநீரகம் வைக்கலாம், வீட்டில் யாராவது கொடுக்க முன்வருகிறீர்களா’ என்று டாக்டர் கேட்பார். ஒரு நொடி அமைதி. அந்த ஒரு நொடியில் எல்லார் கண்ணும் எங்கே போகிறது என்பதை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். அம்மா பக்கம் போகும். அம்மாவுக்குச் சர்க்கரை என்றால் மனைவி பக்கம். அண்ணன், தம்பி பக்கம் சீக்கிரத்தில் போகாது. ‘அவன் சம்பாதிக்கிறவன், அவனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை, அவன் பெண்டாட்டி சம்மதிக்க மாட்டாள்.’ இந்த நாட்டில் உயிரோடு இருந்து உறுப்பு கொடுப்பவர்களில் நூற்றுக்கு அறுபதுக்கு மேல் பெண்கள். பெறுகிறவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். தாய்ப்பாசம், தாலிப்பாசம் என்று இதற்குப் பேர் வைத்து மேடையில் கைதட்டுகிறோம். பாசம் இல்லை என்று நான் சொல்லவில்லை. கணவனுக்குக் கொடுத்துவிட்டு, மறுநாள் தையல் வலியோடு வீல் சேரில் வந்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சிறுநீர்ப் பையில் மஞ்சளாக இறங்குவதைப் பார்த்து அழுத பெண்ணை எனக்குத் தெரியும். அதைவிடப் பெரிய சந்தோஷத்தை நான் எந்த முகத்திலும் பார்த்ததில்லை. ஆனால் மனைவிக்கு நோய் வந்தால், இதே அறையில் இதே கேள்வி கேட்கப்படும்போது, பேச்சு டயாலிசிஸ் காப்பீட்டுத் திட்டத்தில் வருமா என்று திரும்பிவிடுகிறது.

கொடுக்க விரும்பாதவருக்கு ஒரு வழி வைத்திருக்கிறோம். வெளியில் அதிகம் தெரியாதது, தெரிந்தால் நல்லதுதான் என்று சொல்கிறேன். கொடையாளியைத் தனியாக உட்காரவைத்துப் பேசுவது எங்கள் வேலையில் ஒரு பகுதி. கணவர் இருக்கக் கூடாது, மாமியார் இருக்கக் கூடாது. அங்கே அவர் வேண்டாம் என்றால், டாக்டர் வெளியே வந்து, ‘இவருடைய சிறுநீரகம் மருத்துவரீதியாகச் சரிவராது’ என்று மட்டும் சொல்வார். காரணம் சொல்ல மாட்டார். ஒரு பெண் அந்த அறையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அக்கா, எனக்குப் பயமா இருக்குது, ஆனா இதை நாஞ் சொன்னன்னு தெரியக் கூடாதுங்க” என்றார். தெரியவில்லை. இன்றைக்கு வரைக்கும் தெரியாது. அது பொய்தானே என்று கேட்பீர்கள். ஆமாம், பொய்தான். அந்தப் பொய்க்காக நான் வருத்தப்பட்டதில்லை.

யார் கொடுப்பது, மறுக்க இடம் உண்டா என்ற இந்தக் கேள்வி புதிதாக வந்ததும் இல்லை. உலகத்தில் முதன்முதலாக வெற்றிகரமாக நடந்த சிறுநீரக மாற்று 1954 டிசம்பர் 23-ல், அமெரிக்காவில் பாஸ்டன் நகரில். ரொனால்டு ஹெரிக், ரிச்சர்டு ஹெரிக் என்று இரட்டையர். ஒரே கருவிலிருந்து பிரிந்தவர்கள் என்பதால் ஒருவர் உறுப்பை இன்னொருவர் உடம்பு விரட்டாது. உண்மையிலேயே அப்படிப்பட்ட இரட்டையர்தானா என்று பார்க்கத் தோலை எடுத்து ஒட்டிப் பார்த்தார்கள், போலீஸ் நிலையத்தில் கைரேகைகூட எடுத்தார்கள். அறுவைக்கு முந்தின ராத்திரி, நோயாளியான ரிச்சர்டு, ‘நீ கிளம்பி வீட்டுக்குப் போ’ என்று சகோதரனுக்குச் சீட்டு எழுதி அனுப்பினார். ரொனால்டு, ‘நான் போவதாக இல்லை’ என்று பதில் எழுதினார். மாட்டேன் என்று சொல்ல இரண்டு பேருக்கும் இடம் இருந்தது, பாருங்கள். இன்னொன்றும் நடந்தது. கொடுத்தபிறகு என் உடம்புக்கு ஏதாவது வந்தால் ஆஸ்பத்திரி பொறுப்பேற்குமா என்று ரொனால்டு கேட்டார். எழுத்தில் உறுதி யாரும் தரவில்லை. உனக்கு உதவி தேவைப்பட்டால் எங்களில் எவராவது கைவிடுவோம் என்று நினைக்கிறாயா என்று ஒரு டாக்டர் திருப்பிக் கேட்டார். அறுவை செய்த ஜோசப் மர்ரேக்கு 1990-ல் நோபல் பரிசு கிடைத்தது. ரிச்சர்டு தன்னைப் பார்த்துக்கொண்ட செவிலியரையே கல்யாணம் செய்துகொண்டு எட்டு வருடம் வாழ்ந்தார். எங்கள் துறையிலும் காதல் கதை உண்டு என்பதற்காகச் சொல்கிறேன். கொடுத்த ரொனால்டு 79 வயது வரை இருந்து 2010-ல் காலமானார். அவர் கேட்ட அந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் அதற்கு வருகிறேன்.

இந்தியாவில் வெற்றிகரமான முதல் மாற்று நடந்தது நம் வேலூரில், கிறித்தவ மருத்துவக் கல்லூரியில், 1971-ல். அப்போதெல்லாம் இரத்த உறவு பொருந்தினால்தான் ஆயிற்று. 1980-களில் சைக்ளோஸ்போரின் என்ற மருந்து வந்தது. அந்நிய உறுப்பை உடம்பு தாக்காமல் அடக்கிவைக்கிற மருந்து. உயிர் காத்த மருந்து, சந்தேகமில்லை. ஆனால் அதோடு சேர்ந்து இன்னொன்றும் நடந்தது. யாருடைய சிறுநீரகமும் யாருக்கும் வைக்கலாம் என்று ஆனதும், வீட்டுக்குள் அம்மாவைத் தேடிய கண் வெளியே கடன்காரரைத் தேட ஆரம்பித்தது.

சென்னை வில்லிவாக்கத்துக்குக் ‘கிட்னிவாக்கம்’ என்று பேர் வந்தது அப்போதுதான். 1994-ல் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் வந்து விற்பனையைக் குற்றமாக்கியது. பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், கணவன் மனைவி நெருங்கிய உறவு. பிறகு 2011 திருத்தத்தில் தாத்தா பாட்டியும் பேரப்பிள்ளைகளும் சேர்ந்தார்கள். இதற்கு வெளியே உள்ளவர் கொடுக்க வேண்டுமானால், நோயாளி மீது கொண்ட அன்பும் பற்றுமே காரணம் என்று அங்கீகாரக் குழுவின் முன் காட்ட வேண்டும். சட்டத்தில் அன்பு என்ற சொல் இருப்பது எவ்வளவு அழகு! அந்த அழகான சொல்லின் வழியாகத்தான் புரோக்கர்கள் உள்ளே வந்தார்கள். முன்பின் பார்த்திராத பணக்காரர் மேல் தனக்கு எப்படி அன்பு வந்தது என்பதை, ‘அவர் வீட்டில் பத்து வருடம் வேலை பார்த்தேன், என் பிள்ளைக்குப் பீஸ் கட்டினார்’ என்று மனப்பாடம் செய்து ஒப்பிக்கிற ஏழைப் பெண்களைக் குழு விசாரணைகள் கண்டிருக்கின்றன.

விற்றவர்களுக்கு என்ன ஆனது? சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரைத் தேடிப் பிடித்து விசாரித்த ஆய்வு ஒன்று 2002-ல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளிவந்தது. நூற்றுக்கு 96 பேர் விற்றது கடனை அடைக்க. சராசரியாகக் கையில் கிடைத்தது 1,070 டாலர், அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 50,000 ரூபாய். கடன் தீர்ந்ததா? நாலில் மூன்று பேர் விசாரித்த நாளிலும் கடனில்தான் இருந்தார்கள். குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. கனம் தூக்கிப் பிழைக்கிறவரால் இடுப்பில் தையலோடு முன்போலத் தூக்க முடியுமா? நூற்றுக்கு 86 பேர் உடம்பு கெட்டது என்றார்கள். விற்றவர்களில் பத்துக்கு ஏழு பேர் பெண்கள். வீட்டுக்கு உள்ளேயும் பெண், வெளியேயும் பெண்.

2004 சுனாமியில் வீடு இழந்து சென்னை எர்ணாவூரில் குடியேற்றப்பட்ட மீனவப் பெண்கள் சிறுநீரகம் விற்ற செய்தி 2007-ல் வந்தது. பிறகு நம் வாசலுக்கே வந்தது. காவிரிப் பாலத்தைத் தாண்டினால் பள்ளிபாளையம். அங்கே விசைத்தறித் தொழிலாளர்களைக் கடனைக் காட்டி மடக்கிச் சிறுநீரகத்தை எடுத்த விவகாரம் 2025 ஜூலையில் வெளியே வந்தது. அரசு விசாரணை, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அமைத்த சிறப்புப் புலனாய்வுக் குழு என்று போனது. வழக்கைப் பற்றி நான் பேசப் போவதில்லை. தறி ஓட்டுகிறவர்களை எனக்குத் தெரியும், அவர்களைப் பற்றிப் பேசலாம். பட்டறையில் வாங்கிய முன்பணம் ஒரு கயிறு, வாரத் தவணைக்காரர் ஒரு கயிறு, மகளுக்குச் சீர் செய்ய வாங்கிய வட்டி ஒரு கயிறு. இதற்கு நடுவில் ஒருவன் வந்து, ‘ரெண்டு இருக்குது, ஒண்ணு சும்மாதான் இருக்குது’ என்கிறான். மருத்துவ வாசகம் போலவே இருக்கும் அந்தப் பேச்சு. ஒன்றோடு வாழலாம் என்று நாங்களும்தான் சொல்கிறோம். ஆனால் நாங்கள் சொல்கிறபோது கூடவே ஒரு நிபந்தனை இருக்கிறது: வருடாவருடம் பரிசோதனை, உப்பில் கட்டுப்பாடு, வலி மாத்திரை தொடவே கூடாது. தறியில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறவர் வலி மாத்திரை இல்லாமல் எத்தனை நாள் நிற்பார்?

ஆக, மாட்டேன் என்று சொல்ல முடியாதவரிடமே நாம் திரும்பத் திரும்பக் கேட்கிறோம். கேட்டே தீர வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. அங்கேதான் நமக்கு நா எழுவதில்லை. அது தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசல்.

நான் கடைசி ஆறு வருடம் மாற்று அறுவை ஒருங்கிணைப்பாளராக இருந்தேன். அந்த வாசலில் நிற்பதுதான் வேலை. தலைக்கவசம் இல்லாமல் விழுந்த பையன், அல்லது மூளையில் இரத்தக் குழாய் வெடித்த அப்பா. மூளைத்தண்டு செத்துவிட்டது. வென்டிலேட்டர் காற்றைத் தள்ளுவதால் நெஞ்சு ஏறி இறங்கும், இதயம் தன் போக்கில் துடிக்கும், கை சூடாக இருக்கும். கோமா என்பது வேறு, அதிலிருந்து எழலாம். மூளைச்சாவிலிருந்து எழ முடியாது. இதை உறுதிப்படுத்த நான்கு மருத்துவர்கள், குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு தடவை சோதிக்க வேண்டும் என்பது சட்டம். உறுப்பை எடுக்கிற, வைக்கிற அணியில் உள்ள எவரும் அதில் இருக்கக் கூடாது. கண்மணியில் வெளிச்சம் அடிப்பார்கள், காதில் குளிர்ந்த நீர் விடுவார்கள், கடைசியாக வென்டிலேட்டரைக் கழற்றி ஆக்சிஜனை மட்டும் விட்டுக் காத்திருப்பார்கள். இரத்தத்தில் கரியமில வாயு ஏறிக்கொண்டே போகும். உயிருள்ள மூளையாக இருந்தால் ஒரு கட்டத்தில் தாங்காமல் நெஞ்சை இழுத்துவிடும். நான் அந்த நிமிஷங்களில் எத்தனையோ தடவை அறையின் மூலையில் நின்றிருக்கிறேன். நோயாளியோடு சேர்ந்து நானும் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பேன். இழுத்துவிடுவானா, இழுத்துவிடுவானா என்று. நாங்கள் உறுப்புக்காக அலைகிறவர்கள் என்று நினைப்பவர்கள் அந்த மூலையில் ஒரு தடவை நிற்க வேண்டும்.

தமிழ்நாட்டில் இது ஒரு முறையாக ஆனது 2008-ல். இறந்தோர் உறுப்பு தானத்துக்கென அரசு அந்த ஆண்டில் அடுத்தடுத்து ஆணைகள் போட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் திருக்கழுக்குன்றம் பக்கம் விபத்தில் சிக்கிய 15 வயது ஹிதேந்திரனின் உறுப்புகளை, மருத்துவர்களான அவன் பெற்றோர் கொடுத்தார்கள். சென்னையில் போலீஸார் சாலையை ஒழித்துக் கொடுக்க, இதயம் 11 நிமிஷத்தில் முகப்பேர் போய்ச் சேர்ந்த கதை எல்லாருக்கும் தெரியும். எங்கள் வார்டில் நடந்ததைச் சொல்கிறேன். அதற்கு முன்னால், ‘மூளைச்சாவு’ என்று நான் ஆரம்பித்தாலே குடும்பத்தார் என்னை அடிக்க வருவார்கள். அதற்குப் பிறகு, “அந்தப் பையன் மாதிரிங்களா?” என்று கேட்டார்கள். ஒரு சொல்லுக்குப் பதிலாக ஒரு பிள்ளையின் பேர் கிடைத்தது எங்களுக்கு. 2014-ல் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையம், அதாவது டிரான்ஸ்டான், வந்தது. யாருக்கு எந்த உறுப்பு என்பது பதிவு மூப்பின்படி அங்கிருந்து போகிறது. 2023 செப்டம்பரிலிருந்து உறுப்பு கொடுத்தவர்களின் இறுதிச் சடங்குக்கு அரசு மரியாதை. கலெக்டர் மாலையோடு வீட்டு வாசலுக்கு வருவது கிராமத்தில் எவ்வளவு பேசப்படும் என்பது உங்களுக்கே தெரியும். நான் முதலில் இதை விளம்பரம் என்றுதான் நினைத்தேன். தப்பாக நினைத்துவிட்டேன்.

கேட்பது எப்படி என்று யாரும் புத்தகத்தில் சொல்லித் தர முடியாது. முதலில் மரணத்தைச் சொல்ல வேண்டும், அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். பிறகு விட்டுவிட வேண்டும். அழுது முடிக்கட்டும், ஊரிலிருந்து மாமா வரட்டும். சென்னையில் 1997-ல் தொடங்கிய மோகன் பவுண்டேஷன் இந்த வேலைக்கென்றே ஆட்களைப் பயிற்றுவிக்கிறது. எனக்குக் கிடைத்த பெரிய பாடத்தை ஒரு தாய் சொல்லித் தந்தார். மகனுக்கு 22 வயது. அவர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, காலடியில் நின்று பாதத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். நான் கேட்டேன். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “என்னத்தை வேணும்னாலும் எடுத்துக்கோங்க. கண்ணை மட்டும் விட்ருங்க. அவன் என்னைப் பாத்துக்கிட்டே போகட்டும்” என்றார். கண்ணைத் தொடவில்லை. இரண்டு சிறுநீரகமும் கல்லீரலும் போயின. அதில் ஒரு சிறுநீரகம் யாருக்குப் போயிற்று என்பதை அவரிடம் சொல்லக் கூடாது, சொல்லவில்லை.

வேண்டாம் என்றவர்களும் உண்டு, பாதிப் பேருக்கு மேல் என்பது என் அனுபவம். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அங்கே ‘மாட்டேன்’ என்ற சொல் செல்லுபடியாகிறது. அதற்காகவே அந்த வாசல் எனக்குப் பிடிக்கும். குடும்பம் மறுத்தால் யாருக்கும் கடன் ஏறாது, மாமியார் முகம் கோணாது.

மாற்று நடந்தபிறகு வருகிற கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். புதுச் சிறுநீரகத்தைப் பழைய இடத்தில் வைப்பதில்லை, அடிவயிற்றில் வலப்பக்கமோ இடப்பக்கமோ வைப்பார்கள். பழையது பெரும்பாலும் உள்ளேயே சும்மா இருக்கும். புது உறுப்பை உடம்பு விரட்டாமல் அடக்கிவைக்கிற டாக்ரோலிமஸ் மாத்திரை காலை எட்டு, ராத்திரி எட்டு, வாழ்நாள் முழுக்க. நன்றாக இருக்கிறதே என்று ஒரு மாதம் நிறுத்திவிட்டு, சிறுநீரகத்தை இழந்து, திரும்ப என் வார்டுக்கே வந்து கையை நீட்டியவர்கள் உண்டு. பம்ப்ளிமாஸ் பழம் அந்த மருந்தின் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடும், வேண்டாம். பஸ்பம், லேகியம், கிரியேட்டினின் குறைக்கும் கஷாயம் என்று செல்போனில் வருவதெல்லாம் வேண்டாம். இந்துப்பு சிறுநீரகத்துக்கு நல்லது என்று ஒரு நம்பிக்கை ஊரெல்லாம் இருக்கிறது. அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான், நிறம் மட்டும் ரோஸ். சோடியம் குறைத்த உப்பு என்று கடையில் விற்பதில் பொட்டாசியம் கலந்திருக்கும். டயாலிசிஸ்காரர் வீட்டில் அது இருக்கவே கூடாது.

ரொனால்டு ஹெரிக் கேட்ட கேள்விக்கு வருகிறேன் என்றேன். கொடுத்தபிறகு எனக்கு ஏதாவது வந்தால்?

மாற்று அறுவைப் புறநோயாளிப் பிரிவு வாரத்தில் ஒரு நாள். சிறுநீரகம் பெற்றவர்கள் வருவார்கள், கையில் தடித்த பைல், ஐந்து வருட ரிப்போர்ட் தேதிவாரியாக. பெஞ்சில் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பார். மடியில் மாத்திரைப் பை, வயர் கூடையில் டிபன். அந்த மனிதரின் வயிற்றுக்குள் ஓடுகிற சிறுநீரகம் அந்தப் பெண்ணுடையது. அவருக்கு பைல் கிடையாது. நான் வேலை பார்த்த இடங்களில் எங்கேயும் கொடுத்தவருக்கென்று ஒரு நோட்டுகூட வைக்கவில்லை. முதல் ஒரு வருடம் வரச் சொல்வோம், பிறகு அவர் வருவது கணவருக்குத் துணையாக மட்டும். எத்தனையோ வருடம் நானும் கவனிக்கவில்லை. ‘கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கம்மா’ என்று அவர்களை ஓரமாக ஒதுக்கிவிட்டு நோயாளிக்குப் பிரஷர் பார்த்தவள்தான் நானும்.

ஓய்வு பெற நாலு மாதம் இருக்கும்போது ஒரு நாள். கணவருக்குப் பிரஷர் பார்த்துவிட்டு, பட்டையைக் கழற்றியவள், என்ன தோன்றியதோ, பக்கத்தில் இருந்த அம்மாவைப் பார்த்து, “கையை நீட்டுங்க” என்றேன். அவர் மாத்திரைப் பையை எடுத்து நீட்டினார்.

“பை இல்லீங்கம்மா. கை.”

“எனக்குங்களா?”

வளையலை மேலே தள்ளிவிட்டுக் கையை நீட்டினார். கொடுத்து ஏழு வருடம் ஆகியிருந்தது. 160-க்கு 100 காட்டியது. இரண்டாவது தடவையும் அதேதான். சீட்டுப் போடும் இடத்துக்கு நானே கூட்டிக்கொண்டு போனேன். நோயாளி பெயர் என்று கேட்டதற்கு அவர் கணவர் பெயரைச் சொன்னார்.